இங்கே இன்னும் விழவில்லை

காற்று நின்றுவிட்டது. மத்தியானச் சோறு முடிந்து பாத்திரம் கழுவி நிமிரும்போது கனகமணிக்கு அது முதலில் காதில்தான் பட்டது. காலையிலிருந்து, அவள் காவல் இருக்கும் பங்களாவுக்குப் பின்னால் கற்பூர மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காற்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது. ஓர் இலை ஆடவில்லை. வானத்தைப் பார்த்தாள். துடைத்து வைத்த நீலம், பொட்டு மேகம் கிடையாது. இந்த நீலத்தைப் பார்க்கத்தான் சனங்கள் கார் வைத்துக்கொண்டு ஊட்டிக்கு வருகிறார்கள், வந்து நின்று போட்டோ எடுக்கிறார்கள், எடுத்துவிட்டுப் போகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நீலம் நல்ல சேதி இல்லை. மேகம் இருந்தால் விழாது. காற்று இருந்தால் விழாது. இரண்டும் இல்லாத ராத்திரியில்தான் பனி உறைந்து, விடியும்போது புல்லெல்லாம் உப்பு கொட்டிய மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். நீர்ப்பனி தினமும் விழுவது, அதை யாரும் சட்டை செய்வதில்லை. இது உறைபனி. இங்கே சனங்கள் வாயில் அது ஐஸ். உங்க பக்கம் ஐஸ் விழுந்துச்சா என்று பால் ஊற்றுகிறவளிலிருந்து பஸ் கண்டக்டர் வரை கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல. இந்த வருஷம் கனகமணி அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே நடையை எட்டிப் போடுகிறாள். ஐஸ் விழுந்தால் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் என்றால் சென்னியப்பன், அவள் புருஷன். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் படுக்கிறதையே விட்டுவிட்டார். சென்னிமலைப் பக்கத்து வெயிலில் வளர்ந்த மனுஷன், மீசை முளைக்கிற வயசில் மலையேறி வந்து, கற்பூர இலையைப் பெரிய பெரிய கொப்பரையில் போட்டு நீலகிரித் தைலம் காய்ச்சும் கொட்டகையில் சேர்ந்தார். அவர் காய்ச்சிய தைலம் ஊரார் சளியையெல்லாம் இளக்கப் போனது. விறகுப் புகை மட்டும் அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. போன தை மாசம் அடுத்தடுத்து ஐஸ் விழுந்த ஒரு வாரத்தில் உதடு நீலம் பாரித்து, கண் சொருகி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். ஸ்வெட்டருக்கு மேலே வெள்ளைக் கோட்டு போட்ட சின்ன வயசு டாக்டரம்மா கனகமணியை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டாள். "அடுத்த வருஷம் ஐஸ் விழற நேரத்துல இவரு இங்க இருக்கக் கூடாதும்மா. இன்னொரு தடவ இப்படி வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. இப்பவே சொல்லிட்டேன்." மகள் வளர்மதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். ஒரே ரூம், ஒரு சமையல்கட்டு, அதற்குள் புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஐப்பசியிலேயே அப்பாவை அழைத்துப் போக வந்து நின்றாள். அவர்தான் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "விழட்டும், அப்பறம் பாக்கலாம். சில வருசம் இந்த மேட்டுப் பக்கம் விழறதே இல்ல." கடைசியில் அப்பனும் மகளும் பேரம் பேசி முடித்தார்கள். முதல் ஐஸ் விழுந்த மறுநாள் கார் வரும். அதுவரை யாரும் அவரைத் தொடக் கூடாது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், கம்பெனி விட்டதும், மதி போன் போடுகிறாள். "அங்க விழுந்துச்சாம்மா?"

விழுந்துவிட்டது. அதுதான் சங்கதி. போன செவ்வாய்க்கிழமையே விழுந்துவிட்டது. கனகமணி எழுந்து கதவைத் திறந்தபோது வாசலுக்கும் டேலியாப் பாத்திக்கும் நடுவே இருந்த புல் முழுக்க வெள்ளை. நட்சத்திர வெளிச்சத்திலேயே தெரிந்தது. அவள் நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது. உள்ளே அவர் அசைகிற சத்தம் கேட்டதும் என்ன தோன்றியதோ, அடுப்பைப் பற்ற வைத்து வெந்நீர் போட்டாள். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் எதுவோ அது மட்டும் போதும் என்று கணக்குப் பண்ணி, குண்டாவில் மொண்டு மொண்டு ஊற்றினாள். புல் புஸ்ஸென்று ஆவி விட்டுப் பச்சையாயிற்று. சீக்கிரமே ஊற்றிவிட்டதில் ஊற்றிய தண்ணீரும் கண்ணாடியாக உறைந்து, அதிலேயே வழுக்கி முழங்கால் தட்டியது வேறு கதை. மறுநாளிலிருந்து கிழக்கு வெளுக்கிற நேரம் பார்த்து ஊற்றக் கற்றுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் மதி, "டிவியில காட்டறாங்களேம்மா, காரு மேலயெல்லாம் வெள்ளையா கெடக்குது" என்றாள். "அது தலைகுந்தாவுல கண்ணு. அது பள்ளம். பள்ளத்துலதான் விழும். நம்மளது மேடு. இங்க இன்னும் விழல." எவ்வளவு சுளுவாக வந்தது வாயில். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அப்படி வரக் கூடாது. வந்தது. நேற்று இன்னும் ஒன்றும் சேர்த்துச் சொன்னாள், அது பொய்யில்லை. "அப்பாவுக்கு இருமல்கூடக் கொறஞ்சிருக்குது. ராத்திரியில சத்தமே இல்ல." நிஜம்தான். இந்த வாரம் முழுக்க ராத்திரியில் இருமலே இல்லை. டாக்டரம்மா படித்தவள்தான், ஆனால் உடம்பு எல்லாம் ஒன்றா, ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்காதா என்று கனகமணி தனக்குள் வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கும் விழும். காற்று நின்றாயிற்று. சில்லறை வேலையெல்லாம் கிடக்கிறது. முதலில் பங்களாவின் ரோஜாப் பாத்தி, பிறகுதான் மற்றது. ஏனென்றால் பங்களாவுக்காகத்தான் இந்த வீடு. சென்னையில் இருக்கும் பங்களாக்காரம்மா பின்கட்டு வீட்டைக் கொடுத்திருப்பது காவலுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் வந்து தங்குகிறவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதற்கும். மிலார்ப் புதரின் கொத்துகளை வெட்டி வந்திருந்தாள். பனிக் காலத்தில் இந்தப் பக்கத்தில் எல்லாரும் செடிக்கு மேல் கூரை மாதிரி பரப்புவது அதைத்தான், ஐஸ் மிலார் மேல் விழுந்து போகும், செடி பிழைக்கும். ரோஜாவுக்குப் பரப்பினாள். பூண்டுப் பாத்திக்குக் கோணிச் சாக்கு. டேலியாவிடம் வந்து கை நின்றது. அது கறுத்துத் தொங்குகிறது. போன வாரம் வரை அவர் பார்த்துக்கொண்டேயிருந்த பூ, சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்தது, இன்றைக்கு வெந்த கீரை மாதிரி தண்டோடு சாய்ந்து கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அவசரத்தில் இதன் மேலும் வெந்நீரை ஊற்றினாளே. ஐஸ் கருக்கியதா, வெந்நீர் கருக்கியதா? ஐஸாக இருந்தால் அவள் என்ன செய்ய முடியும், அது எல்லாருக்கும் பொது. வெந்நீராக இருந்தால்? ஊற்றாமல் விட்டிருந்தால் வெயில் ஏறி ஒரு கிளையாவது தப்பியிருக்குமோ? காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தானே ஊற்றினாள். இல்லை, பொய் சொல்லாதே, செடியைக் காப்பாற்றவா ஊற்றினாய்? மறைக்க ஊற்றினாய். அவர் கேட்டார், "டேலியா ஏன் இப்படிப் போச்சு?" என்று. "சோறு வடிச்ச தண்ணியக் கொட்டிட்டேனுங்க, சூடு ஆறியிருக்கல." அவர் "ம்" என்றார். அந்த ம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று நாலு நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், ஒன்றும் அகப்படவில்லை. ஐஸா, வெந்நீரா. செத்த செடிக்கு மிலார் எதற்கு என்று எண்ணிக்கொண்டே அதற்கும் இரண்டு கொத்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டி வெளியேதான் ஓடுகிறது. கட்டினவன் கீழ்நாட்டான். ஐஸ் விழுகிற ராத்திரியில் அதற்குள் தண்ணீர் உறைந்து, வெயில் நன்றாக ஏறுகிற வரை ஒரு சொட்டு வராது. வெடித்தாலும் வெடிக்கும். அதனால் சாயங்காலமே டிரம்மை நிரப்பி, குழாய்க்குத் துணி சுற்றிவிட வேண்டும். அவருடைய பழைய ஸ்வெட்டரை, முழங்கை கிழிந்த மரூன் கலரை, இரண்டாகக் கிழித்துச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினாள். ஜன்னல் திறந்தது. "ஏ புள்ளே, கொழாய்க்கு ஸ்வெட்டரு, எனக்கு?" மூச்சு நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது, ஆனால் குரலில் குறும்பு பாக்கி இருந்தது. "உங்களுக்கு மூணு போட்டிருக்கேன். நாலாவது போட்டா கதவுல நுழைய மாட்டீங்க." "நான் எங்க... நுழையப் போறேன். வெளிய போறவனுக்குத்தான... கதவு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறப் பார்த்தது, அவர் அதை விழுங்கினார், கண்ணில் தண்ணீர் கட்டியது. "ஜன்னலச் சாத்துங்க மொதல்ல" என்று அதட்டினாள். அவள் அதட்டினால் அவருக்குச் சந்தோஷம். சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து உதட்டை அசைத்து ஏதோ சொன்னார், திட்டுகிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றுவிட்டது. டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போய்விட்டால் எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? ஓர் ஆளுக்கு அரை டிரம் போதும். அவருக்கு மேல் துடைக்க, வெந்நீர்ப் பைக்கு, துணி துவைக்க என்று போவதுதான் அதிகம். அரை டிரம் போதும் என்ற நினைப்பு வந்ததும் குழாயை இன்னும் கொஞ்சம் திருகித் திறந்துவிட்டாள்.

நீயும் கூடப் போயேன் என்று கேட்பார்கள். பால் ஊற்றுகிறவள் கேட்டுவிட்டாள். கேட்பது சுலபம். பங்களாவைப் போட்டுவிட்டு ஒரு மாசம் போனால், இந்த வீட்டுக்கு வர ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பங்களாக்காரம்மா நல்லவள்தான், ஆனால் ரோஜாவுக்கும் வருகிறவர்களுக்கும் யாராவது வேண்டுமே, அவள் என்ன செய்வாள். வீடு போய்விட்டால் பங்குனியில் அவர் எங்கே திரும்பி வருவார்? அவர் திரும்பி வரத்தான் அவள் இங்கே இருக்க வேண்டும். மதி வீட்டில் அவருக்கே கட்டில் போட இடமில்லை, மாமியார் கட்டிலைப் பகலில் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். இதையெல்லாம் பேசிப் பேசித் தேய்த்தாயிற்று. திரும்பி வருவார். பங்குனியில் வருவார். அடுத்த பங்களா வாட்ச்மேன் குளிருக்குப் பயந்து மேட்டுப்பாளையத்தில் மகன் வீட்டுக்குப் போனான், ரெண்டு மாசத்துல வந்துருவேம்மா என்று கையாட்டிவிட்டு. அவனுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக மகன் வந்தபோதுதான் சேதி தெரிந்தது. அவனுக்கு வயசு அதிகம். அவனுக்கு சுகர் வேறு. அவன் கதை எதற்கு இப்போது. கீழே போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். யார் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருவர் முகமும் சட்டென்று வரவில்லை. டிரம் நிரம்பி வழிந்து காலை நனைத்தபோதுதான் குழாயை மூடினாள்.

மைதா மாவில் பசை காய்ச்சினாள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்திலெல்லாம் பேப்பரைக் கிழித்து மடித்துத் திணித்து, மேலே பசை தடவி ஒட்ட வேண்டும். மற்ற வீடுகளில் இந்த வம்பெல்லாம் இல்லை, இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டிவிட்டால் வீடு கதகதவென்று இருக்கும். இந்த வீட்டில் அது ஆகாது. ஒரு இழை புகை போதும், அவர் துடித்துப்போவார். கரன்ட் ஹீட்டர் போட்டால் பங்களாவுக்கே பியூஸ் போகிறது. ஆக, குளிரை வெளியே நிறுத்தப் பேப்பரும் பசையும்தான் அவளிடம் இருந்த ஆயுதம். கல்யாணமாகி வந்த முதல் பனிக் காலத்தில் ஒட்டினவர் அவர். ஒரு ஜன்னல் விடாமல், சாவித் துவாரம்கூட விடாமல், குளிருக்குப் பயந்த கீழ்நாட்டு மாப்பிள்ளை ஒட்டித் தள்ளினார். இவள் பின்னாலேயே போய் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டாள், மூச்சு விட வேண்டாமா என்று. அதற்கு ஒரு சண்டை. அந்த ராத்திரி அவர் ஐஸ் மாதிரி இருந்த பாதத்தைக் கொண்டுவந்து இவள் கெண்டைக்காலுக்கு நடுவே வைத்தார், கேட்காமல் கொள்ளாமல். இவள் அலறிவிட்டாள். "மலைக்காரிக்குக் குளிராதுன்னு சொன்னாங்களே" என்றார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். எத்தனை சண்டை போட்ட ராத்திரியானாலும் பேசாமல் முதுகைக் காட்டிப் படுத்திருக்கையில் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதம் வரும். சமாதானம் என்று ஒரு வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, பாதம்தான் வந்தது. இப்போது அவர் உட்கார்ந்தே தூங்குகிறார், இவள் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள். அப்படியும் கட்டிலிலிருந்து காலை ஒரு பக்கம் தொங்கவிட்டு, விரல் நுனியால் இவள் தோளைத் தேடித் தொட்டு வைத்துக்கொள்வார். திருப்பூரில் அந்தக் காலை எங்கே வைப்பார்? அங்கே குளிராது. அங்கே பாதம் சூடாகவே இருக்கும். இருந்தாலும் எங்கே வைப்பார். கண் கரித்தது. பசைக் கையோடு துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் பிசுபிசுத்தது.

வெயில் மலை விளிம்பை எட்டுவதற்குள் கம்பளிகளை உள்ளே கொண்டுவர வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மத்தியானமே கொடியில் போட்டது. எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள், வெயில் வாசனை. "செத்த நேரம் நாற்காலியில உக்காருங்க, மெத்தையத் திருப்பிப் போட்டுடறேன்" என்றாள். அவர் மெத்தையைத் திருப்ப வேண்டாம் என்றார். "நேத்துதான... திருப்புன." "நேத்தா? போன வாரம்." "அப்படியே கெடக்கட்டும் புள்ளே. முதுகுக்குப் பழகிருச்சு." முதுகுக்குப் பழகினதாம். பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். தூக்குவதற்கு என்ன இருக்கிறது, ஸ்வெட்டர் கனம்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மெத்தையின் சுவர்ப் பக்கத்தை நிமிர்த்தினாள். அடியில் ஒரு துண்டு கிடந்தது.

அவருடைய பச்சைக் கரைத் துண்டு. நாலு நாளாகக் காணவில்லை என்று அவள் கொடியெல்லாம் தேடிய துண்டு. ஒரு முனையை முடிச்சுப் போட்டு, வாய்க்குள் அடங்குகிற அளவுக்கு உருட்டி வைத்திருந்தது. எடுத்தாள். ஈரம். பனி ஈரமில்லை, எச்சில் ஈரம். முடிச்சுத் துணி பல் பட்டுப் பட்டு நைந்து நூல் பிரிந்திருந்தது. அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. துண்டை எதற்கு இப்படிக் கடிக்க வேண்டும், பல்வலியா, சொல்லவே இல்லையே என்றுதான் புத்தி போயிற்று. அப்புறம் புரிந்தது. இந்த வாரம் முழுக்க ராத்திரியில் இருமல் இல்லை. ராத்திரியில் சத்தமே இல்லை. மதியிடம் பெருமையாகச் சொன்னாளே. ஒவ்வொரு ராத்திரியும் இருமல் ஏறி வரும்போதெல்லாம் இதை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டு, அந்த நெஞ்சு, காற்றுக்குத் தவிக்கிற அந்த நெஞ்சு, உள்ளேயே வெடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கீழே பாயில் இவள் கண்ணை மூடிக்கொண்டு, இருமல் கேட்கிறதா, கேட்கவில்லை, நல்லது என்று படுத்திருந்தாள். அவர் தூங்குகிறார் என்று இவள் நினைத்தாள். இவள் தூங்குகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை, நினைத்திருக்க மாட்டார். இவள் எழுந்து போய் வெந்நீர் வைத்ததும், குண்டாச் சத்தமும், புல் புஸ்ஸென்றதும் எல்லாமே அவருக்குக் கேட்டிருக்கும். அந்த ம். அதற்குள் இருந்தது இதுதான். இவள் வெளியே ஐஸை மறைத்துக்கொண்டிருந்தாள், அவர் உள்ளே இருமலை மறைத்துக்கொண்டிருந்தார், ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை.

துண்டை முந்தானையில் செருகிக்கொண்டு மெத்தையைத் திருப்பிப் போட்டாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. விரிப்பை உதறி விரித்தாள், கம்பளியை மடித்து வைத்தாள், தலையணையைத் தட்டினாள், அவரைக் கொண்டுவந்து சாய்த்தாள். அவர் கை மெத்தை ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மடிக்குத் திரும்பி வந்தது. கனகமணி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கீழே பள்ளத்தில் நிழல் ஏறிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மேட்டையும் தொடும். இன்னொரு தடவ இப்படி வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. அந்த டாக்டரம்மா இவள் மகளைவிடச் சின்னவள், அவள் சொன்னபோது குரல் நடுங்கியது. அதை ஏன் மறந்தாள்? மறக்கவில்லை. அரை டிரம் தண்ணீருக்குப் பயந்துதான் இத்தனையும். அவர் இல்லாத வீட்டில் பேப்பர் ஒட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கப் பயந்துதான். போனால் வராமல் போய்விடுவாரோ என்று பயந்து, இங்கேயே, தன் கண் முன்னாலேயே... சீ. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எதிரே டேலியா தொங்கிக்கொண்டிருந்தது. ஐஸா, வெந்நீரா என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. எழுந்து போய் அதை வேரோடு பிடுங்கி, பங்களா மதிலோரம் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்தாள். பிடுங்கும்போது அடியில் கிழங்கு கெட்டியாக இருந்தது கைக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்க் குழியில் இறங்கிக் கிழங்கை மட்டும் முறித்து எடுத்து, மண்ணைத் தட்டி, சமையல்கட்டு மூலையில் உலர்ந்த சாக்கில் சுற்றி வைத்தாள்.

போன் அடித்தது. கம்பெனி விட்டாயிற்று போலிருக்கிறது, பின்னால் பஸ் ஹாரன். "ஏம்மா, அப்பாவுக்கு எப்படி இருக்குது? மாத்தர போட்டாச்சா?" "போட்டாச்சு கண்ணு." "அங்க விழுந்துச்சாம்மா?" உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் இதற்கென்றே எடுத்தவர் மாதிரி உரக்கக் கத்தினார். "இங்க... வேத்து ஊத்துதுன்னு சொல்லு! ஒரு பேன் வாங்கி... அனுப்பச் சொல்லு!" அந்தப் பக்கம் மதி சிரித்தாள். "அப்பாவோட நக்கலப் பாரு. அப்ப இன்னும் விழல, அப்படித்தானே?" கனகமணி வானத்தைப் பார்த்தாள். நீலம் வெளிறி, ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. இன்றைய ஐஸ் இன்னும் விழவில்லை. அது விழ ஒரு ராத்திரி முழுக்க பாக்கி இருக்கிறது.

"விழுந்திருச்சு கண்ணு" என்றாள். "எப்பம்மா? இன்னிக்கா?" "விழுந்திருச்சு. காலையில காரைப் புடிச்சிட்டு வா. வெயில் ஏறுனதுக்கப்பறம் மலையேறு, ரோட்டுல வழுக்கும். அப்பாவுக்குக் காதுக்குக் குல்லா எடுத்து வெக்கறேன். அந்தக் கட்டில... ராத்திரிக்கும் கேளு உங்க மாமியார்கிட்ட. நான் கேட்டேன்னு சொல்லு. அப்பாவால கீழ உக்கார முடியாது." அந்தப் பக்கம் மதி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ தனியா எப்படிம்மா" என்று ஆரம்பித்தாள். "நான் மலைக்காரி, எனக்கென்ன குளிரா" என்று சொல்லி கனகமணி போனை வைத்துவிட்டாள்.

உள்ளே போனாள். லைட்டைப் போடவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், டேலியா இருந்த இடத்தை. திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை. "கம்பளி ரெண்டையும்... நீ வெச்சுக்க" என்றார். "அங்க தேவப்படாது. நீ கீழ படுக்காத இனி. கட்டில்ல படு." அவள் தலையாட்டினாள். அதற்குள் அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. இருமல் ஏறி வருவது நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது, உதடு இறுக மூடிக்கொண்டது, கை தன்னையறியாமல் மெத்தை ஓரத்தைத் துழாவியது. துண்டு அவள் இடுப்பில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டிலில் ஏறி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். காலை நீட்டி, ஐஸாகக் கிடந்த அந்த இரண்டு பாதத்தையும் தன் கெண்டைக்காலுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சத்தமா இருமுங்க" என்றாள். "நான் முழிச்சுக்கிட்டுத்தான இருக்கறேன்."